ஹோப்பிப் பெண்களின் வீடு: அரைகல், சாம்பல், மக்காச்சோளம்

அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் ஊர்களில் வீடு பெண்ணின் சொத்து. சுவர், கூரை, உள்ளறையில் அடுக்கியிருக்கும் தானியம், அரைகல், அடுப்பு எல்லாம் அவளுடையவை. அவளுக்குப் பின் மகள்களுக்குப் போகும். இதைக் கேட்டதும் பெண்கள் ஆண்ட சமூகம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஊர்த்தலைவர் ஆண். கிவா எனப்படும் நிலத்தடிச் சடங்கறையில் நடப்பவற்றில் பெரும்பகுதியும் ஆண்களின் பொறுப்பு. பெண்ணின் அதிகாரம் இருந்த இடம் வேறு. விளைந்த மக்காச்சோளம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அது அவளுடையது. எவ்வளவு அரைப்பது, யாருக்குக் கொடுப்பது, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம் பிடிப்பது என்று தீர்மானிப்பவள் அவளே. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் என்னென்ன வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் இந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது தெரியும். கிவாச் சடங்குகளின் உள்விவரங்களை வெளியில் பேசுவதை ஹோப்பி மக்கள் விரும்புவதில்லை. அதனால் இந்தக் கட்டுரை வீட்டோடு நிற்கிறது.

முதலில் இடம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில், செங்குத்தான பாறைச் சரிவுகளுக்கு மேலே தட்டையான உச்சி கொண்ட மூன்று மேட்டுநிலங்கள் உள்ளன. முதல் மேசா, இரண்டாம் மேசா, மூன்றாம் மேசா என்று அவற்றைச் சொல்வார்கள். வால்பி முதல் மேசாவிலும், ஷுங்கோபாவி இரண்டாம் மேசாவிலும், ஓராய்பி மூன்றாம் மேசாவிலும் இருக்கின்றன. ஓராய்பியில் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டிலிருந்து மக்கள் இடைவிடாமல் வாழ்ந்து வருகிறார்கள். ஆண்டு மழை 250 மில்லிமீட்டரை எட்டினாலே நல்ல ஆண்டு. வற்றாத ஆறு பக்கத்தில் கிடையாது. மண்ணில் தங்கியிருக்கும் பனி ஈரத்தை நம்பி, நடுகோலால் ஒரு சாண் ஆழத்துக்கும் மேல் குழி தோண்டி, குழிக்குப் பத்துப் பதினைந்து விதை போடுவார்கள். காற்றும் புழுவும் எலியும் போக மிஞ்சுவது கதிர் விடும். இந்த விவசாயம் ஆண்களின் வேலை. ஒரு கோடை பொய்த்தாலும் வீடு பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது பெண்களின் வேலை.

குலமும் வீடும்

பிறக்கும் குழந்தை அம்மாவின் குலத்தைச் சேரும். கரடி, சூரியன், பாம்பு, சிலந்தி, மக்காச்சோளம் என்று குலங்களுக்குப் பெயர்கள் உண்டு. ஒரே குலத்துக்குள் மணம் இல்லை. திருமணத்துக்குப் பிறகு கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். ஆகவே ஒரு வீட்டில் பாட்டி, அவளுடைய மகள்கள், பேத்திகள், வெவ்வேறு குலங்களிலிருந்து வந்த மருமகன்கள் என்று கூட்டம் இருக்கும். இன்னொரு மகளுக்குத் திருமணம் ஆனால் பக்கத்திலோ மேலேயோ ஓர் அறை கூட்டுவார்கள். ஒரு வரிசை வீடுகள் முழுக்க அக்கா தங்கைகளாக இருப்பது இப்படித்தான்.

மருமகன் தன் மனைவியின் குலத்துக்குரிய நிலத்தில் உழைப்பான். அவன் கதிர்களைச் சுமந்து வந்ததும் வீட்டுப் பெண்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். அந்த நன்றியோடு பொருள் கைமாறிவிடுகிறது. அவனுடைய சொந்தச் சடங்குக் கடமைகள் எல்லாம் பிறந்த வீட்டோடும் அக்கா தங்கையோடும் இருக்கும். அடிக்கடி அங்கே போய்வருவான். மணமுறிவு என்றால் அவன் தன் சாமான்களோடு அம்மா வீட்டுக்குத் திரும்புவான், அல்லது அவள் அவற்றை வாசலுக்கு வெளியே எடுத்து வைப்பாள். குழந்தைகளும் வீடும் தானியமும் இடம் மாறுவதில்லை.

குழந்தையைக் கண்டிக்கும் உரிமை தாய்மாமனுக்கு. செல்லம் கொடுப்பது அத்தை. இந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா தங்கைகள், ஹோப்பிப் பெண்ணின் வாழ்க்கையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வந்து நிற்பாள். பெரியம்மாவையும் சித்தியையும் குழந்தை அம்மா என்றே அழைக்கும்.

கட்டடத்தில் கல் உடைப்பதும் தொலைவிலிருந்து மரம் கொண்டுவருவதும் ஆண்களின் பங்கு. மண்ணைக் குழைத்துப் பூசுவது பெண்களின் பங்கு. கூரைக்கு முதலில் பெரிய உத்தரங்கள், குறுக்கே மெல்லிய கழிகள், அதன் மேல் சுள்ளியும் புல்லும், அதற்கு மேல் ஈர மண், கடைசியாக மிதித்து இறுக்கிய உலர்மண் என அடுக்கு அடுக்காகப் போடுவார்கள். மண் கூரையின் எதிரி தேங்கும் ஈரம். பனி அப்படியே கிடந்து உருகினால் மண் ஊறி ஒழுகத் தொடங்கும். பூச்சு ஆண்டுதோறும் பழுது பார்க்கப்படும். உள்சுவருக்கு வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசுவது அழகுக்கு மட்டும் அல்ல. சிறிய ஜன்னல்கள் உள்ள அறையில் இருக்கிற வெளிச்சத்தை அதுதான் பெருக்கித் தரும்.

பின்னறையில் ஜன்னலே இருக்காது. அங்கேதான் தானியம். அறுவடைக் கதிர்களை மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்து, நீலம், வெள்ளை, மஞ்சள், சிவப்பு என நிறவாரியாகப் பிரித்து, விறகு அடுக்குவதுபோல் சுவரோரம் அடுக்குவார்கள். சரியாகக் காயாத ஒரு கதிர் உள்ளே போனாலும் பூஞ்சை பக்கத்துக் கதிர்களுக்குப் பரவும். வண்டு விழும். அதனால் இடையிடையே அடுக்கைக் கலைத்து வெயில் காட்டி, துடைத்து, மறுபடி அடுக்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். குறைந்தது அடுத்த ஓர் ஆண்டுக்கான கையிருப்பு இல்லாத வீட்டை யாரும் பாதுகாப்பான வீடாக நினைக்கவில்லை.

அரைப்பது

முன்னறையின் ஒரு சுவரோரம் கல் பலகைகளால் தடுத்த மூன்று தொட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அரைகல் சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். முதல் கல் சொரசொரப்பு, அடுத்தது நடுத்தரம், மூன்றாவது மிக நைசு. பெண் கல்லின் உயர்ந்த பக்கத்தில் மண்டியிட்டு, பாதங்களைப் பின்சுவரில் ஊன்றிக்கொண்டு, குழவியை இரு கைகளாலும் பிடித்து முன்னோக்கித் தள்ளுவாள். வலு தோளிலிருந்து வராது. இடுப்பிலிருந்து உடல் எடை முழுவதும் இறங்க வேண்டும். திரும்ப இழுக்கும்போது கை இலேசாக இருக்கும். கையால் மட்டும் அழுத்திப் பழகிய சிறுமி சீக்கிரம் களைத்துப்போவாள்.

முதல் கல்லில் மணிகள் குருணையாக உடையும். அதைத் தட்டுக்கூடையில் புடைத்து உமியை ஊதிவிட்டு, மண் பானையில் போட்டு வறுப்பார்கள். கிளறுவதை ஒரு நிமிடம் நிறுத்தினாலும் அடியில் தீய்ந்து முழு ஈடும் கசக்கும். வறுத்ததை ஆறவைத்து இரண்டாம் கல்லில் இட்டால் ரவைப் பதம் வரும். தேவைப்பட்டால் மறுபடி சூடுகாட்டி மூன்றாம் கல்லில் இட்டால் விரலுக்கிடையில் தடம் தெரியாத மாவு. வறுப்பதற்குக் காரணம் வாசம் மட்டும் இல்லை: ஈரம் போன தானியம் கல்லில் ஒட்டாமல் பொடியும், மாவு கெடாமல் நாள்படும். கல் தேய்ந்து வழவழப்பானால் குழவி வழுக்கும், அரைபடாது. அப்போது கெட்டியான வேறொரு கல்லால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும்.

இது ஒரு நாளின் பல மணி நேரத்தை விழுங்கும் வேலை. இரண்டு மூன்று பெண்கள் அடுத்தடுத்த தொட்டிகளில் மண்டியிட்டு, அரைக்கும் பாட்டின் தாளத்துக்கு ஒன்றாகத் தள்ளுவார்கள். ஒருத்தி உடைத்ததை அடுத்தவள் வாங்கி நைசாக்குவாள். மாலையில் இளம்பெண் அரைத்துக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள சிறு துவாரத்தின் வெளிப்பக்கம் வந்து நின்று பேசும் இளைஞனை வீட்டார் கண்டுகொள்ள மாட்டார்கள். நைசாக அரைக்கத் தெரிந்தவள் என்ற பெயரே பெண்ணுக்கு முதல் பாராட்டு.

பீக்கி

ஹோப்பிச் சமையலில் திறமையை முழுதாகக் கேட்பது பீக்கி. நீல மக்காச்சோள மாவைச் சூடான கல்லில் வெறுங்கையால் இழுத்துச் செய்யும் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய அப்பம் அது. இதைச் சொல்வது எளிது. கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும்.

கல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், நாலு விரற்கடை கனம் உள்ள, விரிசல் இல்லாத மணற்கல் பலகை. அதைச் சரளையாலும் பிறகு மென்மையான கற்களாலும் நாட்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பிறகு பதப்படுத்தல். அடியில் தீயை மெல்ல ஏற்றி, கல் சூடானதும் தர்ப்பூசணி விதை போன்ற எண்ணெய் விதைகளை அதன்மேல் போட்டுக் கருக்கித் தேய்ப்பார்கள். எண்ணெய் துளைகளுக்குள் இறங்கும். பினியன் பைன் மரத்தின் பிசினும் சேர்ப்பதுண்டு. திரும்பத் திரும்பச் செய்தால் மேற்பரப்பு கருத்துக் கண்ணாடிபோல் பளபளக்கும். தீ சட்டென்று ஏறினாலோ சூடான கல்லில் குளிர்காற்று பட்டாலோ கல் விரிசல் விடும், அத்தனை நாள் உழைப்பும் போகும். பதப்படுத்தும்போது யாரும் உரக்கப் பேசக் கூடாது, பேசினால் கல் வெடிக்கும் என்பது நம்பிக்கை. எனவே கிசுகிசுத்தே வேலை நடக்கும். நல்ல கல் தாயிடமிருந்து மகளுக்கு வரும் சொத்து. அதற்கென்றே புகைபோக்கியுடன் தனியாகச் சிறு அறை இருக்கும்.

அடுத்தது சாம்பல். ஹோப்பிகள் சுவ்வி என்று அழைக்கும் உப்புப்புதரின் பச்சைக் கிளைகளைச் சுத்தமான இடத்தில் எரித்து, சாம்பலைச் சலித்து வைப்பார்கள். அவரைக் கொடியின் சாம்பலும் உதவும். சாம்பலில் வெந்நீர் ஊற்றித் தெளியவிட்டு வடித்த நீரை மாவில் சேர்க்க வேண்டும். நீல மக்காச்சோளத்தின் நிறமி காரத்தன்மையில், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையில்தான் நீலமாக நிற்கும். சாம்பல் நீர் இல்லாவிட்டால் மாவு ஊதாவும் சாம்பலுமாக மங்கிப்போகும். அளவு குறைந்தால் நிறம் வராது. மிஞ்சினால் பச்சை தட்டும், நாக்கில் காரநெடி நிற்கும். ஆகவே கரண்டிக் கணக்கு இல்லை. நிறத்தைப் பார்த்துக்கொண்டே சிறுகச் சிறுக ஊற்றுவார்கள். சாம்பல் சத்தும் தந்தது. அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற பி வைட்டமினைக் காரம் விடுவிக்கும். மக்காச்சோளத்தையே நம்பி இந்தப் பழக்கம் இல்லாமல் வாழ்ந்த ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளிடம் பெலக்ரா நோய் பரவியது அந்த வைட்டமின் குறைவால்தான். தலைமுறை தலைமுறையாக நிறத்தைப் பார்த்துச் சாம்பல் அளந்த பெண்கள் தங்கள் மக்களை அந்த நோயிலிருந்து காத்திருக்கிறார்கள். ஹோப்பிச் சமையலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

மிக நைசான மாவில் கொதிநீரை ஊற்றி முதலில் கட்டையால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பின் சாம்பல் நீரும் ஆறிய நீரும் விட்டு நீர்த்த கூழாக்குவார்கள். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கல்லில் இழுக்கும்போது கட்டி பட்ட இடம் கிழியும். கல்லைக் கொழுப்பு விதைப் பொடியாலோ ஆட்டு மூளையாலோ துடைத்து எண்ணெய்ப் பசை ஏற்றிய பிறகு, விரல் நுனிகளைக் கூழில் தோய்த்து ஒரே வீச்சில் கல்லின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுக்க வேண்டும். ஒரு பட்டையின் ஓரத்தில் அடுத்த பட்டை ஏறியிருக்க வேண்டும். கையைக் காப்பது வேகமும், விரலுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் ஈரக் கூழும்தான், தயங்கினால் சுடும். சில நொடிகளில் ஓரம் கிளம்பும். முழுத் தாளாக உரித்து எடுத்துவிட்டு அடுத்ததை இழுப்பார்கள். முன்பு எடுத்த தாளைப் புதிய தாளின் மேல் ஒரு கணம் போட்டால் எழும் ஆவியில் அது இளகும். உடனே இரு ஓரங்களையும் உள்ளே மடித்துச் சுருட்டிவிடலாம். இளகாமல் மடித்தால் நொறுங்கும்.

தாள் கல்லில் ஒட்டிக்கொண்டால் கல் ஆறியிருக்கிறது அல்லது பசை தீர்ந்திருக்கிறது. இழுக்கும்போதே கூழ் காய்ந்து ஓட்டை விழுந்தால் தீ அதிகம். தடித்துப்போனால் கூழ் கெட்டி. புதிதாகக் கற்பவள் பெரும்பாலும் தீயைத்தான் தப்பாகக் கணிப்பாள். விறகைத் தள்ளுவதும் இழுப்பதும் கூழ் தோய்க்காத கையின் வேலை.

மற்ற உணவுகளில் சோமிவிக்கி நீல மாவைக் கதிரின் தோகையில் பொதிந்து, யூக்கா என்ற பாலைநிலச் செடியின் நாரால் கட்டி அவிப்பது. நொக்வீவி என்பது சாம்பல் நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய வெள்ளை மக்காச்சோள மணிகளை ஆட்டிறைச்சியுடன் கொதிக்கவைப்பது. விழாவிலும் விருந்திலும் அதுவே முதல். பிகாமியில் முளைகட்டிய கோதுமையின் மாவு சேரும். முளைவிட்ட தானியத்திலுள்ள நொதி மாச்சத்தைச் சர்க்கரையாக்குவதால், குழியில் இரவு முழுக்க வெந்து காலையில் எடுக்கும்போது தானே இனிக்கும். கோதுமை, ஆடு, பீச் பழம் ஆகியவை ஸ்பானியர் வழியாக வந்தவை; 1900 வாக்கில் காப்பியும் சர்க்கரையும் வணிகக் கடைகளிலிருந்து வந்துகொண்டிருந்தன.

தண்ணீரும் கைவேலையும்

ஊர் மேலே, ஊற்று கீழே. ஒரு பக்கம் தட்டையாக, முதுகில் படியும்படி செய்த மண் குடுவையில் நீர் நிரப்பி, அதன் சுமைப்பட்டையை நெற்றியில் மாட்டிப் பாறைப் படிகளில் ஏறி வருவார்கள். வறண்ட மாதங்களில் ஊற்றில் நீர் ஊறும்வரை காத்துக்கிடக்க வேண்டும். உச்சிப் பாறைக் குழிகளில் மழைநீரையும் பனியையும் சேர்த்துவைப்பதும் உண்டு. இப்படிச் சுமந்த நீரில் ஒரு துளியும் ஒரே வேலையோடு போகாது.

நெசவு ஹோப்பிகளிடம் ஆண்களின் தொழில் என்பது புதிதாகப் படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். பெண் உடுத்தும் கருநீலக் கம்பளி உடை, வலது தோளில் முடிந்து இடது தோள் திறந்திருப்பது, ஆண்கள் நெய்து தருவது. கூடையும் பானையும் பெண்கள் தொழில், அதிலும் ஊருக்கு ஊர் பங்கீடு உண்டு. இரண்டாம் மேசாவில் புல் கற்றையைச் சுருளாக வளைத்து யூக்கா நாரால் தைத்த தட்டுக்கூடை. மூன்றாம் மேசாவில் மெல்லிய கிளைகளால் பின்னிய தட்டு. முதல் மேசாவில் மண்பாண்டம். பண்டமாற்று இதனால்தான் தேவைப்பட்டது.

முதல் மேசாவின் ஹானோ ஊரைச் சேர்ந்த நம்பேயோ என்ற பெண் குயவர், கிழக்கிலிருந்து வந்து குடியேறிய தேவா மக்களின் வழிவந்தவர். அருகிலுள்ள சிக்யாட்கி என்ற பாழூரின் பழைய பானையோட்டுச் சித்திரங்களைப் பார்த்து 1890களில் அந்தப் பாணியைப் புதிதாக வளர்த்தெடுத்தார். 1905இல் கிராண்ட் கேன்யனில் திறந்த ஹோப்பி ஹவுஸ் என்ற கைவினைக் கடையில் பயணிகள் முன் பானை வனைந்தார். சக்கரம் கிடையாது: களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, சுரைக்காய் ஓட்டுத் துண்டால் சுரண்டி மெலிதாக்கி, கூழாங்கல்லால் மெருகேற்றி, மென்று நாராக்கிய யூக்கா இலைத் தூரிகையால் தீட்டி, ஆட்டுச் சாணத்தால் மூடிச் சுடுவது. காற்றடிக்கும் நாளில் சுட்டால் எருவின் புகை பட்டுக் கரும்புள்ளி விழும். முழுதாய்க் காயாத பானை தீயில் வெடிக்கும்.

பிறப்பிலிருந்து மணம்வரை

குழந்தை பிறந்ததும் 20ஆம் நாள்வரை அதன்மேல் சூரிய ஒளி படாமல் அறையை மறைத்து வைப்பார்கள். பக்கத்தில் மணி குறையாத ஒரு கதிர் இருக்கும். அது குழந்தையின் காவல் தாய். நான்கு சுவர்களிலும் மக்காச்சோள மாவால் கோடுகள் வரைந்து, ஐந்து நாளுக்கு ஒரு வரிசையாக அழித்து நாள் எண்ணுவார்கள். அந்த நாட்களில் தாய் உப்பையும் இறைச்சியையும் விலக்குவாள். 20ஆம் நாள் விடியலில் அத்தைகள் வந்து யூக்கா வேரின் நுரையால் குழந்தைக்குத் தலைமுழுக்காட்டி, ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். குழந்தை அம்மாவின் குலமாயினும் பெயர் அப்பாவின் குலத்தை ஒட்டியே வரும். பிறகு மேட்டின் ஓரத்துக்குத் தூக்கிப்போய் உதிக்கும் சூரியனுக்குக் காட்டுவார்கள்.

பெண் வயதுக்கு வந்ததும் அத்தை வீட்டில் நான்கு நாள் மக்காச்சோளம் அரைப்பாள். அது முடிந்தபின் தலைமுடியை இரு காதுகளின் மேல் வளைவான கட்டைச் சட்டத்தில் சுற்றிப் பெரிய பட்டாம்பூச்சிக் கொண்டையாகப் போடுவார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் உலகம் முழுக்கப் பரவிய கொண்டை இதுவே. மணமாகாதவள் என்பதன் அடையாளம் அது. மணமானபின் முடி இரண்டாகப் பிரிந்து முன்னே தொங்கும்.

திருமணத்தில் மணமகள் மணமகனின் அம்மா வீட்டுக்குப் போய் சில நாட்கள் அரைப்பாள். நான்காம் நாள் விடியலில் இரு வீட்டுத் தாய்மார்களும் மணமக்களின் முடியை ஒரே பாத்திரத்து யூக்கா நுரையில் சேர்த்துக் கழுவுவார்கள். இதற்கிடையே மணமகனின் அத்தைகள், எங்கள் பிள்ளையைப் பறித்துக்கொண்டாளே என்று கத்திக்கொண்டு வந்து மண்ணை வீசி விளையாட்டுச் சண்டை போடுவார்கள். பிறகு மணமகன் வீட்டு ஆண்கள் பஞ்சை நூற்று வெள்ளை மேலாடைகளும் நீண்ட குஞ்சம் வைத்த இடைக்கச்சும் நெய்வார்கள். வாரக்கணக்கில் ஆகும். முடியும்வரை அவள் அங்கேயே சமைத்து அரைத்துக்கொண்டிருப்பாள். பிறகு ஓர் ஆடையை அணிந்து, மற்றொன்றை நாணல் பாயில் சுருட்டி ஏந்தித் தாய்வீடு திரும்புவாள். கணவன் பின்னால் வந்து சேர்வான். அவளுடைய குலத்துப் பெண்கள் தட்டுக்கூடைகளில் மலைபோல் குவித்த மாவை மணமகன் வீட்டுக்கு ஈடாகச் செலுத்த வேண்டும். மணமகள் ஆடையை வாழ்நாள் முழுதும் பத்திரப்படுத்துவார்கள். இறந்தபின் அடுத்த உலகுக்குப் போக அது வேண்டும்.

வெளியிலிருந்து வந்த அழுத்தம்

1887இல் கீம்ஸ் கேன்யனில் அரசு விடுதிப் பள்ளி தொடங்கியது. பிள்ளைகளை அனுப்ப மறுத்த பெற்றோரிடமிருந்து கட்டாயமாகப் பிடித்துப்போனார்கள். எதிர்த்த ஹோப்பி ஆண்கள் 19 பேர் 1895இல் அல்காட்ராஸ் தீவில் அடைக்கப்பட்டார்கள். அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு அரைக்கப் பழக வேண்டிய ஆண்டுகளைச் சிறுமிகள் விடுதியில் கழித்தது, அந்த வீடுகளுக்கு நேர்ந்த ஆழமான இழப்பு. 1906 செப்டம்பரில் அரசோடு ஒத்துப்போவதா என்ற பிளவில் ஓராய்பி இரண்டாக உடைந்தது. ஒத்துப்போக மறுத்து வெளியேறியவர்கள் சில மைல் தள்ளி ஹோட்டவில்லாவை அமைத்தார்கள். விரைவில் படைவீரர்கள் வந்து ஆண்களில் பலரைச் சிறைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுபோனார்கள். முதல் குளிர்காலத்தைத் தாண்டவைத்தது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தான்: விறகு சேர்த்து, தற்காலிகக் குடிலைப் பூசி, கொண்டுவர முடிந்த தானியத்தை அளந்து அரைத்து.

தகர வாளியும் இரும்பு அடுப்பும் சீட்டித் துணியும் கையால் சுற்றும் மாவு இயந்திரமும் கடைகள் வழியாக வந்தன. இயந்திரம் முதல் கல்லின் வேலையைச் சுலபமாக்கியது. ஆனால் அது தந்த மாவு பீக்கிக்குப் போதுமான நைசாக இல்லை. அதனால் கடைசிச் சுற்று அரைப்பு கல்லிலேயே தொடர்ந்தது. பீக்கிக் கல்லுக்கு மாற்று எதுவும் வரவில்லை. இன்றும் ஹோப்பி வீடுகளில் திருமணத்துக்கும் பெயர்சூட்டலுக்கும் பீக்கி வேண்டும். கல் உடைந்தால் விரிசல் இல்லாத பலகையைத் தேடுவதிலிருந்து வேலை தொடங்கும்.